தை மாத அட்டையில் பத்து வரி

கேபிள் டிவி வந்த புதிதில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் பேச்சு எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பியது, படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது கரண்ட் போனது, வாடகை சைக்கிளை நேரத்துக்குள் விடாமல் மாட்டிக்கொண்டு முழித்தது. நானும் சேர்ந்து சிரிப்பேன். பேச்சு தை மாதத்துப் பக்கம் திரும்பினால் மட்டும் எழுந்து காப்பி போடப் போய்விடுவேன். “இவளுக்கு எப்பப் பாரு காப்பிதான்” என்று கேலி செய்திருக்கிறீர்கள். இன்றைக்கு எழுந்து போகவில்லை. எழுதிவிடுகிறேன். படித்துவிட்டுத் திட்ட வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகத் திட்டுங்கள், எனக்கு அது தேவைதான்.

எங்கள் தெரு வண்டியூர் தெப்பக்குளத்துக்குக் கிழக்கே. மாரியம்மன் கோயிலில் மணி அடித்தால் வீட்டுக்குள் கேட்கும். சிம்மக்கல்லில் ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்த என் சித்தப்பா திடீரென்று ஒருநாள் கறுப்பு ஒயர் சுருளோடு வந்து இறங்கினார். எங்கள் மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை. அதில் கேசட் போட்டுப் படம் ஓட்டும் இரண்டு டெக், ஒரு பழைய டிவி, ஒரு மேஜை ஃபேன். ஃபேன் டெக்குக்கு, எங்களுக்கு இல்லை. டெக் சூடானால் படம் நடுங்கும், மனுசன் சூடானால் என்ன, தண்ணியைக் குடித்துவிட்டு உட்கார வேண்டியதுதான் என்பார். ஆறு தெருவுக்கு அந்த அறையிலிருந்துதான் படம் போனது. அந்த வயதில் எனக்கு அதைவிடப் பெரிய அதிகாரம் உலகத்தில் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

அந்த அறையில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. எனக்கு எழுத்து மணிமணியாக இருக்கும். சித்தப்பாவின் எழுத்தோ கோழி கிண்டியது. அதனால் மாத அட்டை எழுதுவது ஏழாம் வகுப்பு படித்த என் பொறுப்பாயிற்று. மாத அட்டை என்றால், அந்த மாதத்தில் எங்கள் ஆறு தெருவில் நடக்கிற விசேஷங்களும் பிறந்தநாள்களும். ஒரு சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, ஓரத்தில் ஜிகினா ஒட்டி, சுவரில் ஆணியில் மாட்டிவிட வேண்டும். கல்யாண வீடியோ எடுக்க வாங்கிய கேமராவை அதற்கு நேராக நிறுத்தி வைத்திருப்பார். தினமும் சாயங்காலம் படம் போடுவதற்கு முன்னால் அரை நிமிடம் அந்த அட்டை டிவியில் வரும், பின்னால் நாதஸ்வர கேசட் ஓடும். அந்த அரை நிமிடத்துக்காக ஆறு தெருவும் அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு வந்து உட்காரும்.

ஓர் அட்டைக்குப் பத்து வரிதான். அதற்கு மேல் எழுதினால் டிவியில் எறும்பு ஊர்ந்த மாதிரி தெரியும், ஒரு பேரும் படிக்க முடியாது. பதினோராவது வரிக்கு யார் வந்து கேட்டாலும் சித்தப்பா கையை விரித்துவிடுவார்.

இனி அப்பளத்து அத்தை. எனக்கு ரத்த சொந்தம் இல்லை, தெரு வழக்கத்தில் அத்தை. வீட்டில் உட்கார்ந்து கம்பெனிக்கு அப்பளம் தேய்த்துக் கொடுப்பார். கை எப்போதும் முழங்கை வரை உளுந்து மாவாக இருக்கும். பக்கத்தில் வந்தால் பெருங்காயமும் பிரண்டையும் மணக்கும். அவர் வீட்டுக்காரருக்கு சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடையில் மூட்டை தூக்கும் வேலை. கல்யாணமாகி ஏழெட்டு வருசம் கழித்துப் பிறந்த ஒரே பெண் குழந்தை, பாப்பா. அத்தைக்குக் கூடப் பிறந்ததும் ஒரே தம்பி. அந்தத் தம்பியை நாங்கள் சைக்கிள் மாமா என்போம். எங்கள் தெருவிலிருந்து நாலு தெரு தள்ளி வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். நான் சைக்கிள் பழகியதே அவர் கடைச் சின்ன சைக்கிளில்தான். முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்து நின்றால் கிரீஸ் கையோடு அப்படியே குனிந்து பார்த்து, “காயம் உனக்கா, எஞ்சைக்கிளுக்கா?” என்று கேட்பார்.

அக்காவும் தம்பியும் மூன்று வருசமாகப் பேசிக்கொள்வதில்லை. காரணம் ஒரு பேர். மாமா புது வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது அடித்த பத்திரிகையில் அக்கா புருசன் பேரைக் காணவில்லை. அச்சகத்துக்காரன் விட்டானா, எழுதிக் கொடுத்தவர் விட்டாரா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். “வீட்டு மாப்பிள்ளை பேரைப் போடலன்னா என்னய மனுசன்னு நெனச்சானா, மூட்டைன்னு நெனச்சானா?” என்று அவர் கத்தியது எங்கள் வீடு வரை கேட்டது. அத்தோடு அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று அத்தையிடம் சத்தியம் வாங்கிவிட்டார். நம் ஊரில் வயல் போனால்கூட ஒருநாள் சமாதானம் ஆகும், பத்திரிகையில் பேர் விட்டுப்போனால் ஆகாது. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த மார்கழிக் கடைசியில் ஒரு மத்தியானம் அத்தை மூச்சு வாங்க எங்கள் மாடி ஏறி வந்தார். தை பத்தாம் தேதி மாரியம்மன் கோயிலில் பாப்பாவுக்கு முடி இறக்கிக் காது குத்து. பத்திரிகை அடிக்கவில்லை, வாய்ச்சொல்லாகத்தான் அழைப்பு. தம்பி வீட்டு வாசலை மிதிக்காமல் தம்பியை எப்படி அழைப்பது? அதற்குத்தான் மாடி ஏறி வந்திருந்தார்.

“தாயி, டிவியில போடுற அட்டையில எந்தம்பி பேரப் போடணும். தாய்மாமன்னு போட்டு அதுக்குக் கீழ பேரு. தனி வரியா, கொட்டை எழுத்துல.”

“வீட்டுல சத்தம் போட மாட்டாரா?” என்று சித்தப்பா கேட்டார்.

“நா கேட்டுட்டேன்ணே. வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னுதேன் சத்தியம். டிவியில பாத்து வந்தா வரட்டும்னு சொல்லிட்டாக.” அத்தைக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. “அவனும் சொல்லி விட்டிருக்கான்ணே. குழாயடியில எந்தம்பி பொண்டாட்டி எங்கிட்ட நேரா பேசல, குடத்தப் பாத்துச் சொல்லுறா. அட்டையில பேரு வந்தா மொத ஆளா வந்து நிப்பாகன்னு. அவன் மடியில உக்காந்து குத்துனாத்தேன் எம்புள்ளைக்கு அது காது குத்து. இல்லாட்டி எனக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு இல்லன்னு ஊரே பாத்துரும்.”

நான் எழுதிக்கொண்டேன். ஒரு வரியில் பாப்பா பேரும் காது குத்து நாளும், அடுத்த வரியில் பெற்றோர், அதற்கடுத்து தாய்மாமன். மூன்று வரி. மாட்டுப் பொங்கலுக்குக் கீழத்தெரு உறியடி, தையல்காரர் மகன் கல்யாணம், பள்ளிக்கூடத்துக் குடியரசு தினக் கொடியேற்றம், நாலு வீட்டுப் பிறந்தநாள்களுக்கு மூன்று வரி, கடைசியில் தெப்பத் திருவிழா. எண்ணிப் பார்த்தேன். பத்து.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தை பதினைந்து என் பிறந்தநாள். ‘இந்தத் தடவை என் பேர் டிவியில் வரும், எல்லாரும் பாருங்கடி’ என்று வகுப்பு முழுக்க முரசடித்துவிட்டு வந்திருந்தேன். போன மாதம் பக்கத்து பெஞ்சுக்காரி பேர் வந்தது, அதை எழுதியதே நான்தான். அவள் மறுநாள் தலையில் ரோஜாப்பூவை வைத்துக்கொண்டு வந்து காட்டிய பகட்டு இருக்கிறதே! சித்தப்பாவிடம் போய் நின்றேன்.

“நம்ம வீட்டுப் புள்ளைக்கு எதுக்குடி அட்டை? கேக்குறவுகளுக்கு மொதல்ல போடுவோம். அடுத்த வருசம் உனக்குத் தனி அட்டையே போடுறேன், போ.”

பன்னிரண்டு வயதுக்கு அடுத்த வருசம் என்பது அடுத்த ஜென்மம். அன்று மாலை தனியாக உட்கார்ந்து அட்டையை எழுதினேன். எந்த வரியை எடுக்கலாம் என்று விரலை வைத்து வைத்துப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. பொங்கலை எடுக்க முடியாது, தெப்பத்தை எடுத்தால் சாமி கண்ணைக் குத்தும். கல்யாண வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். காது குத்துக்கு மட்டும் எதற்கு மூன்று வரி? பாப்பாவின் தாய்மாமன் யாரென்று ஊருக்கே தெரியுமே, அதை எழுதிக் காட்டுவானேன்? இதுதான் நான் கண்டுபிடித்த நியாயம். தாய்மாமன் வரியை விட்டுவிட்டு அடுத்த வரிகளை மேலே ஏற்றி, தெப்பத்துக்குக் கீழே கடைசி வரியில் சிவப்பு ஸ்கெட்சால் என் பேரை எழுதினேன். ஜிகினாவும் அந்த வரிக்குத்தான் அதிகம். சித்தப்பா ஒயர் அறுந்த வீட்டுக்கு ஏணியோடு ஓடிக்கொண்டிருந்தார், அட்டையைப் படித்துப் பார்க்கவில்லை. “பத்து வரிதான?” என்று மட்டும் கேட்டார். பத்து வரிதான் என்றேன். அது பொய் இல்லை பாருங்கள். பிறகு டிவியில் என் பேரைப் பார்த்தபோதும், பிறந்தநாள் வரி இரண்டை ஒன்றாக்கி இடம் பிடித்துவிட்டேன் என்று நினைத்துச் சிரித்ததோடு சரி.

பொங்கலன்று சாயங்காலம் அட்டை முதல் தடவை வந்தது. அத்தை வீட்டில் டிவி கிடையாது. மாவுக் கையோடு எங்கள் வீட்டுக்கே வந்து நின்றார். அப்பா வெளியே போயிருந்தார், அம்மா அடுப்படியில். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதை நான் முன்னமே யோசித்திருந்தேனா என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். யோசித்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்க ஆசை.

நாதஸ்வரம் தொடங்கியது. அத்தை டிவிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

“இதுல எந்தம்பி பேரு எது தாயி?”

நான் கடைசி வரியைக் காட்டினேன். சிவப்பு எழுத்தில் இருந்த என் பேரை.

அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அந்த எழுத்தைத் தொட்டார். டிவிக் கண்ணாடியில் விரல் பட்டதும் சுருக்கென்று இழுத்திருக்கும் போல, சிரித்துவிட்டு மறுபடி தொட்டார். “எம்புட்டு அழகா எழுதியிருக்க! சிவப்பா வேற போட்டிருக்கியே. இதப் பாத்துட்டு அவன் வராம இருப்பானா? நீ நல்லா இருக்கணும்டி ராசாத்தி” என்று என் கன்னத்தை வழித்துத் தன் தலையில் நெட்டி முறித்தார். மாவு என் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. நான் ஓடிப்போய் முகம் கழுவினேன்.

தை பத்து வரைக்கும் தினமும் அட்டை ஓடியது. தினமும் ஒரு தடவையாவது, நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருப்பேன். சொன்னால் சித்தப்பா அட்டை எழுதும் வேலையைப் பிடுங்கிவிடுவார், வகுப்பில் மானம் போகும். தவிர, மாமா எப்படியும் வந்துவிடுவார் என்று நம்பினேன். அக்கா மகள் காது குத்துக்கு வராமல் இருப்பாரா? பேர் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன? நம் ஊர்ப் பெரியவர்களைப் பற்றி அன்றைக்கு எனக்கு அவ்வளவு நல்ல எண்ணம் இருந்தது.

காது குத்தன்று காலை நாங்களும் கோயிலுக்குப் போனோம். பாப்பா மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, கையில் ஒரு வாழைப்பழத்தோடு எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. காப்பரிசிக் கிண்ணம், பூமாலை, வெற்றிலைத் தட்டு எல்லாம் தயார். ஆசாரி மணையைப் போட்டு ஊசியைத் துடைத்து வைத்துவிட்டு, “தாய்மாமன் உக்காருங்க” என்றார். அத்தை தெப்பக்குளத்து ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு சைக்கிள் மணிக்கும் கழுத்தை நீட்டினார்.

“நேரம் போகுதும்மா” என்றார் ஆசாரி.

“வந்துருவான். ஒரு அஞ்சு நிமிசம். மொத ஆளா வாரேன்னு சொல்லியிருக்கான்.”

அந்த ஐந்து நிமிடம் முக்கால் மணி நேரம் ஆனது. பாப்பா பழத்தைத் தின்று முடித்துவிட்டுத் தூக்கத்துக்கு அழ ஆரம்பித்தது. பொம்பளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அத்தையின் வீட்டுக்காரர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “இதுக்குத்தேன் வேணாம்னேன். கேட்டியா?” என்றார். அதை அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, மெதுவாகத்தான் சொன்னார். கடைசியில் அப்பளம் ஏற்றிப்போக வருகிற தட்டுவண்டிக்காரர், அத்தையின் ஊர்க்காரர், முறைக்குத் தம்பி ஆகவேண்டும், அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அவர் கூச்சத்தோடு துண்டால் தொடையைத் துடைத்துவிட்டுக் குழந்தையை வாங்கினார். ஊசி இறங்கும்போது பாப்பா வீரிட்டது. அத்தை அதைவிட அதிகமாக அழுதார். குழந்தை வலிக்கு அழுவதாகத்தான் எல்லாரும் தேற்றினார்கள்.

நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன், “அம்மா” என்றேன். “என்னடி?” என்று திரும்பினார். “தண்ணி தாகம்” என்றேன்.

ஐந்து நாளில் என் பிறந்தநாள் வந்தது. வகுப்பில் மிட்டாய் கொடுத்தேன், என் பேரை டிவியில் பார்த்ததாக ஏழு பேர் சொன்னார்கள். அத்தனை ஆசைப்பட்டேனே, ஒருத்தி சொன்னதும் இனிக்கவில்லை. சாயங்காலம் அத்தை ஒரு கட்டு அப்பளத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தார். என் முகம் வாடியிருப்பதைப் பார்த்து அவராக ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்.

“நீ அம்புட்டு அழகா எழுதியும் அவன் வரலன்னு விசனப்படுறியா? உன் எழுத்துல ஒரு கொறையும் இல்ல தாயி. அவென் மனசுதேன் கல்லாப்போச்சு. அவ பேச்சக் கேட்டு ஆடுறான்.”

அவ என்றால் மாமாவின் மனைவி. சிவகங்கைப் பக்கத்துக்காரர், அதனால் தெருவில் அவரைச் சிவகங்கைக்காரி என்பார்கள். அவர்தான் தடுத்துவிட்டார் என்று குழாயடி தீர்ப்பு எழுதிவிட்டது. என் அம்மாவும் அதில் ஒரு கையெழுத்துப் போட்டார். பிறகு நாலைந்து மாதம் அவர் குடம் வைத்தால் பக்கத்தில் யாரும் குடம் வைக்கவில்லை. காது குத்துக்காக அவரே பஜாருக்குப் போய்ப் பார்த்துப் பார்த்துத் தோடும் பட்டுப் பாவாடையும் வாங்கி, தட்டில் வைத்துத் துணி போட்டு மூடி, அட்டையில் பேர் வருமா வருமா என்று பத்து நாள் புருசனோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார் என்பது எனக்குப் பல வருசம் கழித்துத்தான் தெரிந்தது. வாயில்லாத மனுசி. பழியைச் சுமந்துகொண்டே போய்ச் சேர்ந்துவிட்டார்.

மாமா என்ன நினைத்தார் என்பது எனக்கு அந்த மாதமே தெரிந்துவிட்டது. தெப்பத் திருவிழாவன்று காலை. வடம் பிடித்துத் தெப்பத்தை இழுக்கிறார்கள், கரை முழுக்கக் கூட்டம். அந்த நெரிசலில் அக்காவும் தம்பியும் படிக்கட்டுச் சுவருக்குப் பக்கத்தில் நேருக்கு நேர் வந்துவிட்டார்கள். மூன்று வருசமாகப் பேசாதவர்கள் பேசினார்கள்.

“உன் வீட்டுல ஆக்கித் திங்கவாடா கூப்புட்டேன்? எம்புள்ளைய மடியில வைக்கத்தானடா கூப்புட்டேன்!”

“எங்க கூப்புட்ட? பத்து நாளு டிவிக்கு முன்னால உக்காந்து பாத்தேன். புள்ள பேரு இருக்கு, அப்பன் பேரு இருக்கு, ஆத்தா பேரு இருக்கு. எம்பேரு எங்க? பழிக்குப் பழி வாங்கிட்டேல்ல? உம் புருசன் பேர நா விட்டதுக்கு என் பேர நீ விட்டுட்ட. சரி, கணக்குத் தீந்துருச்சு.”

“ஆத்தா சத்தியமா போட்டிருந்துச்சுடா! நானே பாத்தேன். இந்தக் கையால தொட்டேன்!”

“பொய் சொல்லாதக்கா. சாமி முன்னால நின்னு பொய் சொல்லாத.”

கூட்டம் கூடிவிட்டது. யாரோ என் சித்தப்பாவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அரை நிமிட அட்டையில் அவரவர் பேரைத் தவிர வேறு பேரை யார் படித்து வைத்திருப்பார்கள்? அதனால் எழுதியவளைக் கேட்பது என்று ஆயிற்று. சித்தப்பா என்னை முன்னால் இழுத்து நிறுத்தினார். “பேரு போட்டியாடி?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாமா என்னை மட்டும் பார்த்தார். வாடகை நேரம் முடிந்தும் ‘இன்னொரு ரவுண்டு ஓட்டிட்டு வா, போ’ என்று சொல்கிற அதே முகம்.

“போட்டேன்” என்றேன்.

“கேட்டுக்கிட்டீகளா? எங்க வீட்டுப் புள்ள பொய் சொல்லாது” என்றார் சித்தப்பா.

கூட்டத்தில் ஒருவர் “அக்கா மேல பழி போடுறானே, இவெனெல்லாம் ஒரு மனுசனா?” என்று சத்தமாகவே சொன்னார். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். யாரும் மாடி ஏறி அட்டையைப் பார்க்க வருவதற்குள், அன்று மத்தியானமே நான் அதை ஆணியிலிருந்து எடுத்து நாலாகக் கிழித்து வெந்நீர் அடுப்பில் வைத்தேன். தெப்பம்தான் அந்த மாதத்துக் கடைசி விசேஷம், எல்லாம் முடிந்ததும் அட்டையை எரிப்பது வழக்கம்தான் என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஜிகினா எரியும்போது வந்த பச்சை நிறத்தை என் தம்பி வேடிக்கை பார்த்தான்.

சின்னப் பிள்ளை தெரியாமல் செய்தது என்று உங்களில் யாராவது சொல்லக்கூடும். வரியை விட்டது தெரியாமல் செய்தது, சரி. படிக்கட்டில் சொன்னது தெரிந்து சொன்னது. எனக்கு அன்றைக்கு எல்லாம் தெரியும்.

அதன்பிறகு அவர்கள் பேசவே இல்லை. பாப்பா பெரியவளானபோதும் தாய்மாமன் சீர் வரவில்லை, கல்யாணத்துக்கும் வரவில்லை. அத்தை எங்கே என்னைப் பார்த்தாலும் “உன் எழுத்து இன்னும் என் கண்ணுக்குள்ள நிக்குது” என்பார். நான் வளர்ந்தேன், படித்தேன், தல்லாகுளத்தில் ஓர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே என் மேஜைக்கு வருகிற தாளில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். கறாரான அம்மா என்று பேர். இந்தப் பேர் எங்கிருந்து வந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

இரண்டு வருசத்துக்கு முன்னால் ஒருநாள் விடிந்ததும் அம்மா போன் செய்தார். அப்பளத்து அத்தை இறந்துவிட்டார். போனேன். தெருவில் பந்தல் போட்டு அத்தையைக் கிடத்தியிருந்தார்கள். பாப்பா, இப்போது இரண்டு பிள்ளைக்குத் தாய், காலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நான் மாலை போட்டுவிட்டு எங்கள் வீட்டு மாடிக்குப் போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெருக் கோடி டீக்கடை பெஞ்சில் சைக்கிள் மாமா உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டிய உடம்பு. வெள்ளை வேட்டி, மடியில் ஒரு மஞ்சள் பை. அதில் கோடிச் சேலை இருந்திருக்கும். பிறந்த வீட்டுக் கோடி தம்பிதானே கொண்டுவர வேண்டும்?

“வந்திருக்காரு பாரு. தெரு வரைக்கும் வந்த மனுசனுக்கு உள்ள வர மட்டும் காலு எழும்பல” என்றார் அம்மா பின்னாலிருந்து. “ராங்கி இன்னும் போகல.”

அது ராங்கி இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். இப்போதே இறங்கிப் போய்ச் சொல்லிவிடலாம். ஒரு மாடிப்படி, ஐம்பது அடி தூரம். ஆனால் சொன்னால் அவர் ஓடி வருவார். ஏன் வந்தார் என்று பாப்பா கேட்பாள். அத்தனை பேர் நடுவில், அத்தையின் தலைமாட்டில், என் பேர் வெளியே வரும். எல்லாம் முடியட்டும், கூட்டம் கலையட்டும், அப்புறம் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பந்தலில் “பொறந்த வீட்டுக் கோடி யாருங்க?” என்று இரண்டு தடவை கேட்டார்கள். மாமா பெஞ்சிலிருந்து பாதி எழுந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, மறுபடி உட்கார்ந்துவிட்டார். ஊர்க்காரர் ஒருவர் கோடியைப் போர்த்தினார். அத்தையைத் தெருவின் அந்தப் பக்கமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். சுடுகாட்டுக்குப் போன ஆம்பளைகள் குளித்துவிட்டு ஈரத் தலையோடு திரும்பி வந்த பிறகும் மாமா அதே பெஞ்சில்தான் இருந்தார்.

அப்போதுதான் இறங்கிப் போனேன்.

“மாமா.”

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “யாரு, கேபிள்காரர் வீட்டுப் புள்ளையா?”

அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பத்து வரி, என் பிறந்தநாள், கடைசி வரியைத் தொட்டுப் பார்த்த அத்தை, படிக்கட்டில் நான் சொன்ன பொய். திட்டுவார், அறைவார் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் பையின் காதைத் திருகிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப, எங்கக்கா எம்பேரப் போடச் சொல்லியிருக்கா.”

“ஆமா மாமா. அதுக்காகத்தேன் மாடி ஏறி வந்தாக.”

“போட்டிருக்குன்னு நெனச்சுக்கிட்டே இருந்திருக்கா.”

“ஆமா.”

கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எங்கள் வீட்டு மாடியைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“காலையில இருந்து அந்த ஜன்னல்ல நின்னது நீதானா?”

“நான்தான் மாமா.”

“அப்பவே எறங்கி வந்து சொல்லியிருந்தா, எங்கக்கா மொகத்தப் பாத்திருப்பேனே தாயி.”